புகையிரத நிலையங்களில் பொறித்த பெயர்கள்

புகையிரத நிலையத்திலே வண்டிக்காகக் காத்திருப்போரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஒருவர் பத்திரிகை வாசிப்பார். இன்னொருவர் மணிக்கூட்டையே நோக்கியிருப்பார். பிள்ளைகளோடு வந்த தாய் மூட்டை முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருப்பாள். சுவரிலே என்ன எழுதியிருக்கிறதென்று ஊன்றிப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஆனால் இங்கிலாந்தின் பெரிய நிலையங்கள் சிலவற்றிலே, நின்று வாசிக்கத்தக்க எழுத்துகள் சுவரில் உண்டு. அவை வண்டிகளின் நேரத்தைச் சொல்பவை அல்ல. ஒரு காலத்தில் அதே நிலையத்தில் மூட்டை சுமந்தவர், பயணச்சீட்டு வழங்கியவர், கைகாட்டி இயக்கியவர், இயந்திரத்துக்குக் கரி அள்ளிப் போட்டவர் ஆகியோரின் பெயர்கள் அவை. 1914 ஆம் ஆண்டு தொடங்கிய முதலாம் உலக மகாயுத்தத்துக்குச் சென்று திரும்பி வராதவர்கள் அவர்கள்.

அரசர்க்கும் தளபதிகளுக்கும் சிலை எழுப்புவது உலக வழக்கம். சாதாரணத் தொழிலாளி ஒருவனின் பெயரைக் கல்லிலும் வெண்கலத்திலும் பொறித்து, நாள்தோறும் ஆயிரமாயிரம் பேர் நடமாடும் இடத்தில் வைப்பது அக்காலத்துக்குப் புதுமையானதொரு செயல். அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இங்கு நோக்குவோம்.

வேலையை விட்டுப் போர்க்களம் சென்றோர்

1914 ஆகஸ்ட் 4 ஆம் திகதி பிரித்தானியா ஜேர்மனி மீது யுத்தப் பிரகடனம் செய்தது. அப்பொழுது அந்நாட்டின் இருப்புப்பாதைகள் அரசாங்கத்தின் உடைமையாக இருக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் கம்பனிகளே அவற்றை நடத்திவந்தன. யுத்தம் மூண்டதும் அரசாங்கம் முன்னரே இயற்றியிருந்த ஒரு சட்டத்தின்படி அவற்றின் மேற்பார்வையை ஏற்றுக்கொண்டது. கம்பனிகளின் பொது முகாமையாளர்களைக் கொண்ட நிருவாகக் குழுவொன்று அவற்றை இயக்கியது. அவ்வாகஸ்ட் மாதத்திலேயே அறுநூற்றுக்கு மேற்பட்ட சிறப்புப் புகையிரதங்கள் படையினரையும் குதிரைகளையும் பீரங்கிகளையும் சவுதாம்டன் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தன.

படையினரை ஏற்றிச் சென்ற வண்டிகளை ஓட்டியவர்கள், தாமும் அவ்வாறே செல்ல விரும்பினர். ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட றெயில்வே ஊழியர்களுள் முதல் சில வாரங்களிலேயே பல்லாயிரவர் படையிற் சேர்ந்தனர். இவ்வாறே எல்லோரும் போய்விட்டால் வண்டி ஓட்ட ஆளிராது என்று அஞ்சிய அதிகாரிகள், மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியின்றி எந்த றெயில்வே ஊழியரையும் படையிற் சேர்க்கலாகாது என்று விதித்தனர். அவ்விதி இருந்தும், யுத்தம் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 றெயில்வே ஊழியர்கள் படைகளிற் சேர்ந்திருந்தனர்.

யோர்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வட கிழக்கு றெயில்வேக் கம்பனி, தன் ஊழியர்களைக் கொண்டே ஒரு தனிப் படைப்பிரிவைத் திரட்டியது. நோதம்பர்லாந்துப் படையணியின் 17 ஆவது பிரிவு என்று அது பெயர் பெற்றது. பதுங்குகுழி வெட்டுதல், பாதை அமைத்தல், தண்டவாளம் பதித்தல் ஆகியவையே அதற்கு உரிய வேலைகள். மண்வெட்டியும் சம்மட்டியும் பிடித்துப் பழகிய கைகளுக்கு அவை புதியன அல்ல. அதே கம்பனியின் உதவிப் பொது முகாமையாளராக இருந்த சேர் எரிக் கெடிஸ், 1916 ஆம் ஆண்டில் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். போர்முனைக்கு உணவும் வெடிமருந்தும் கொண்டுசெல்லும் இருப்புப்பாதைகளைச் சீர்ப்படுத்தும் பெரும்பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டடி அகலமேயுள்ள சிறு தண்டவாளங்கள் சேற்று நிலத்தினூடே பதுங்குகுழிகளின் அண்மை வரை ஓடலாயின.

ஊரில் நின்றோர் பட்ட பாடு

படையிற் சேர அனுமதி கிடைக்காதவரின் நிலையும் இரங்கத்தக்கதே. சீருடை அணியாத இளைஞனைத் தெருவிற் கண்டால், கோழை என்பதற்கு அடையாளமாக வெள்ளை இறகொன்றை அவன் கையிற் கொடுக்கும் கொடிய வழக்கம் அந்நாட்களில் இருந்தது. இரவெல்லாம் படையினரின் வண்டியை ஓட்டிவிட்டுக் காலையில் வீடு திரும்பும் சாரதிக்கும் இவ்வவமானம் நேரக்கூடும். ஆகவே கம்பனிகள் தம் ஊழியருக்குச் சட்டையிற் குத்திக்கொள்ளும் சிறு சின்னம் ஒன்றை வழங்கின. அணிந்திருப்பவர் நாட்டுக்கு அவசியமான வேலை செய்பவர் என்பதை அது பிறர்க்கு உணர்த்தியது.

போனவர்களின் வெற்றிடத்தைப் பெண்கள் நிரப்பினர். யுத்தத்துக்கு முன் ஏறத்தாழ 13,000 பெண்களே றெயில்வேப் பணியில் இருந்தனர். 1918 இல் அத்தொகை 65,000 ஐத் தாண்டிவிட்டது. பயணச்சீட்டுப் பரிசோதித்தல், வண்டிகளைக் கழுவித் துடைத்தல், மூட்டை ஏற்றி இறக்குதல் முதலிய வேலைகளை அவர்கள் செய்தனர். யுத்தம் முடிந்து ஆண்கள் திரும்பியபோது அவர்களிற் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்.

கல்லறை இல்லாத வீடுகள்

1919 மே 14 ஆம் திகதி இலண்டன் தூய பவுல் பேராலயத்திலே, உயிர் நீத்த றெயில்வே ஊழியர்களுக்காக ஒரு விசேட ஆராதனை நடைபெற்றது. அதற்கென அச்சிட்ட நூலில் 18,957 பெயர்கள் இடம்பெற்றன. பிற்காலத்து ஆராய்ச்சியின் பயனாக அத்தொகை 20,000 க்கு மேல் உயர்ந்துள்ளது. படையிற் சேர்ந்த ஒன்பது பேருள் ஒருவர் மாண்டார் என்று கொள்ளலாம்.

பெயர்களுக்கு இத்துணை மதிப்பு ஏன் ஏற்பட்டது? அதற்கொரு காரணம் உண்டு. களத்தில் இறந்தவரின் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரலாகாது என்று 1915 ஆம் ஆண்டிலே பிரித்தானிய அதிகாரிகள் முடிவு செய்தனர். செல்வரும் வறியவரும் வீழ்ந்த நாட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டனர். பலருடைய உடல்கள் கண்டெடுக்கப்படவே இல்லை. கடல் கடந்து சென்று கல்லறையைக் காணும் வசதி தொழிலாளி வீட்டுத் தாய்க்கு எங்கே? மகனுடைய பெயர் பொறித்த சுவரே அவளுக்குக் கல்லறையாயிற்று. அவனை அவள் கடைசியாகக் கண்டதும் பெரும்பாலும் ஒரு புகையிரத நிலையத்திலேதான்.

கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகச் சின்னங்களை எழுப்பலாயின. டேர்பி நகரிலே மிட்லண்ட் றெயில்வே 2,833 பேருக்காக 1921 இல் ஒரு சின்னம் அமைத்தது. அக்கம்பனி அத்துடன் நின்றுவிடவில்லை. எல்லாப் பெயர்களும் அடங்கிய நூலொன்றை அச்சிட்டு, இறந்தவரின் குடும்பத்தினர்க்கு அனுப்பிவைத்தது. டேர்பிக்கு வரவியலாதவர் வீட்டிலிருந்தபடியே விரலால் தொட்டு அப்பெயரை வாசிக்கலாம். அதே ஆண்டு ஒக்டோபர் 21 ஆம் திகதி, இலண்டன் யூஸ்டன் நிலையத்தின் முன்னே, இலண்டன் வட மேற்கு றெயில்வேயின் 3,719 பேருக்கான தூணைத் தளபதி ஹெய்க் பிரபு திறந்துவைத்தார். தூணின் நான்கு மூலைகளிலும் தலை கவிழ்ந்த நான்கு வெண்கல உருவங்கள் நிற்கின்றன. வாட்டர்லூ நிலையத்திலே தென் மேற்கு றெயில்வேயின் 585 பேருக்காக எழுந்த வெற்றி வளைவை 1922 மார்ச் 21 இல் மேரி மகாராணியார் திறந்துவைத்தார். யோர்க் நகரில் வட கிழக்கு றெயில்வேயின் 2,236 பேருக்காகச் கட்டடக்கலைஞர் லட்யென்ஸ் வரைந்த நெடுந்தூண் 1924 ஜூன் 14 இல் திறக்கப்பட்டது.

டேர்பிச் சின்னத்திலுள்ள பெயர்களுள் ஒன்று ஜேக்கப் ரிவர்ஸ் என்பது. இருப்புப்பாதைக்குச் சரளைக்கல் இடும் வண்டியில் கூலிவேலை செய்தவர் அவர். 1915 மார்ச் 12 இல் பிரான்சின் நெவ் ஷப்பெல் என்னுமிடத்தில் எதிரிகள் பக்கவாட்டில் வந்து வளைத்தபோது, அவர் தன்னந்தனியே முன்னோடிக் குண்டுகளை எறிந்து அவர்களைப் பின்வாங்கச் செய்தார். அன்றே இரண்டாம் முறையும் அவ்வாறு செய்யும்போது உயிரிழந்தார். வீரத்துக்கான அதியுயர் விருதாகிய விக்டோரியாச் சிலுவை அவருக்கு அவர் இறந்த பின் வழங்கப்பட்டது. அவருடைய உடல் எங்கே கிடக்கிறதென்பது இன்றுவரை தெரியவில்லை.

கடிதம் வாசிக்கும் சிப்பாய்

இச்சின்னங்களுள் நம் உள்ளத்தை மிகவும் உருக்குவது பாடிங்டன் நிலையத்து முதலாம் மேடையில் நிற்பது. மேற்குப் பெரு றெயில்வேயின் 2,524 ஊழியர்களின் ஞாபகார்த்தமாக 1922 நவம்பர் 11 ஆம் திகதி அது திறக்கப்பட்டது. வெண்கலச் சிப்பாய் ஒருவன் அங்கே நிற்கிறான். அவன் துப்பாக்கி நீட்டவில்லை, கொடி பிடிக்கவுமில்லை. தலையில் இரும்புத் தொப்பியும், தோளிலே பெரிய மேலங்கியும், கழுத்தில் கையாற் பின்னிய கம்பளித் துண்டும் தரித்து, வீட்டிலிருந்து வந்த கடிதமொன்றை வாசித்துக்கொண்டிருக்கிறான். அந்தத் துண்டைப் பின்னியவள் தாயோ, மனைவியோ, தங்கையோ என்று எண்ணாமல் அதனைக் கடந்து செல்ல இயலாது. இறந்தோரின் பெயர்ப் பட்டியல் பேழையொன்றில் வைத்து முத்திரையிடப்பட்டு அவன் காலடியிலே வைக்கப்பட்டிருக்கிறது.

இதனைச் செய்த சிற்பி சார்ள்ஸ் சாஜன்ட் ஜாகர், கலிப்போலியிலும் மேற்குப் போர்முனையிலும் போராடிக் காயமுற்றவர். ஆகவே போரின் ஆரவாரத்தை விடுத்து, போர்க்களத்தில் ஒரு மனிதனுக்குக் கிடைக்கும் அமைதியான கணமொன்றை அவர் தெரிந்தெடுத்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் மாண்ட 788 பேரும் பின்னர் இச்சின்னத்திற் சேர்க்கப்பட்டனர், மொத்தம் 3,312.

யுத்தம் தொடங்கி நூறாண்டு நிறைந்த 2014 ஆம் ஆண்டில் ஒரு புதுமை நிகழ்ந்தது. இந்தச் சிப்பாய்க்குக் கடிதம் எழுதுமாறு பொதுமக்கள் அழைக்கப்பட்டனர். பாடசாலை மாணவர் முதல் பிரதம மந்திரி வரை எழுதினர். 21,000 க்கு மேற்பட்ட கடிதங்கள் வந்து சேர்ந்தன. நூறாண்டாக ஒரே கடிதத்தை வாசித்து நின்றவனுக்கு இத்தனை கடிதங்கள்!

ஓடித் திரிந்த ஞாபகச் சின்னங்கள்

கல்லும் வெண்கலமும் நின்ற இடத்தில் நிற்பவை. இருப்புப்பாதைத் தொழிலாளருக்கு ஓடும் சின்னமே பொருத்தமென்று கருதியவர்களும் இருந்தனர். வட மேற்கு றெயில்வே 1920 இல் கட்டிய புகையிரத இயந்திரமொன்றுக்கு ‘தேசபக்தன்’ என்று பொருள்படும் பெயரையும், யுத்தம் தொடங்கிய ஆண்டாகிய 1914 ஐயே இலக்கமாகவும் இட்டது. அதே ஆண்டில் கிரேட் சென்றல் றெயில்வே ‘வீரம்’ என்றும், 1922 இல் பிறைட்டன் றெயில்வே ‘நினைவு’ என்றும் பொருள்படும் பெயர்களைத் தத்தம் இயந்திரங்களுக்குச் சூட்டின. உயிர் நீத்த ஊழியரின் ஞாபகார்த்தம் என்ற வாசகம் பொறித்த தகட்டைத் தாங்கி அவை நாடெங்கும் ஓடின.

உயிரோடு திரும்பியவர்களும் இவ்வகையில் மதிக்கப்பட்டனர். தண்டவாளம் பதிக்கும் தொழிலாளியான ஏர்னஸ்ட் சைக்ஸ், 1917 ஏப்ரில் 19 இல் பிரான்சின் அராஸ் நகருக்கு அண்மையில், குண்டுமாரிக்கு நடுவே நான்கு முறை சென்று காயமுற்ற நால்வரைத் தூக்கிவந்தார். ஐந்தாம் முறையும் சென்று, தூக்க இயலாத நிலையிற் கிடந்தவர்களின் காயங்களுக்கெல்லாம் கட்டுப்போடும் வரை அங்கேயே இருந்தார். விக்டோரியாச் சிலுவை பெற்ற அவர், யுத்தத்தின் பின் றெயில்வேக்கே திரும்பி, வண்டிக் காவலராகக் கடமையாற்றினார். அவருடைய பெயரையே தாங்கிய இயந்திரமொன்று அதே இருப்புப்பாதையில் ஓடியது. தன் பெயர் எழுதிய இயந்திரம் கடந்து செல்வதைத் தன் கண்ணாலேயே காணும் பேறு எத்தனை தொழிலாளருக்கு வாய்க்கும்!

ஒரு சுவரில் மூன்று துயரங்கள்

லிவர்பூல் வீதி நிலையத்தின் கதை விசித்திரமானது. கிழக்குப் பெரு றெயில்வே தன் ஊழியர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்களை அங்கே பெரிய சலவைக்கற் பலகையிற் பொறித்தது. அக்கம்பனிக்குக் கப்பல்களும் இருந்தன. அவற்றுள் ஒன்றின் தலைவர் சார்ள்ஸ் ஃபிரையட். 1915 மார்ச் மாதத்தில் ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்று அவரை நிற்குமாறு பணித்தபோது, அவர் நிற்காமல் அதன்மேலேயே தம் கப்பலைச் செலுத்தினார். நீர்மூழ்கி அவசரமாக நீருள் அமிழ்ந்து தப்பியது. அடுத்த ஆண்டு ஜேர்மனியர் அவரைச் சிறைப்பிடித்தனர். போர்வீரனல்லாத ஒருவன் போர் புரிந்தான் என்று குற்றஞ்சாட்டி, 1916 ஜூலை 27 இல் பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் விசாரித்து, அன்று மாலையே சுட்டுக்கொன்றனர். அவருக்கும் அந்நிலையத்தில் ஒரு ஞாபகச் சின்னம் உண்டு.

பெயர்ப் பலகையை 1922 ஜூன் 22 ஆம் திகதி திறந்துவைத்தவர் தளபதி சேர் ஹென்றி வில்சன். விழா முடிந்து சீருடையோடு வீடு திரும்பியவரை, வாசலிலே ஐரிஷ் விடுதலை இயக்கத்தினர் இருவர் சுட்டுக்கொன்றனர். அவ்விருவருமே மகாயுத்தத்தில் பிரித்தானியப் படையில் இருந்தவர்கள். ஒருவர் அதிலே தம் காலொன்றை இழந்தவர். அவர்கள் தூக்கிலிடப்பட்டனர். இறந்தோரை நினைக்கும் பலகையைத் திறந்தவருக்கே, ஒரு மாதத்துள் அதன் அருகில் இன்னொரு பலகை வைக்க நேர்ந்தது. ஒரு யுத்தம் முடிந்ததென்று கல்லில் எழுதிய நாளிலேயே மற்றொரு பகையின் குருதி சிந்தியது. ஞாபகச் சின்னங்கள் துயரத்தைக் காக்கும். பகையைத் தீர்க்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை.

பெயர் எழுதப்படாதவர்கள்

இவற்றை எழுதும்பொழுது நம் மனம் வேறொரு இருப்புப்பாதையை நாடுகிறது. மலாயா நாட்டு இருப்புப்பாதைகளில் நிலைய அதிபராகவும் இலிகிதராகவும் யாழ்ப்பாணத்தவர் பலர் கடமையாற்றியதை நம் முதியோர் அறிவர். அம்மலாயாவை இரண்டாம் யுத்தத்திலே யப்பானியர் கைப்பற்றிய பின், 1942, 1943 ஆம் ஆண்டுகளில் சீயத்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீற்றர் நீளமான இருப்புப்பாதையைக் காட்டினூடே அமைத்தனர். அதிலே வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளுள் 12,000 க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் மூன்று மயானங்களில் துயில்கின்றனர். காஞ்சனபுரி மயானத்தில் மாத்திரம் ஏறத்தாழ 7,000 பேர். வரிசை வரிசையாக அமைந்த அக்கற்களில் மிகப் பலவற்றில் பெயர் உண்டு, வயது உண்டு.

அவர்களிலும் பன்மடங்கு கூடுதலாக மாண்டோர் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் அவர்களுள் பல்லாயிரவர். கொலராவும் பசியும் அவர்களைக் கூட்டங் கூட்டமாகக் கொன்றன. அவர்களை யார் எண்ணினார்? யார் எழுதினார்? ஒரு கம்பனியும் நூல் அச்சிட்டு அவர்கள் வீடுகளுக்கு அனுப்பவில்லை. எங்கோ ஒரு தாய் மகன் வருவான் என்று வழிபார்த்திருந்து, அவ்வாறே கண்மூடியிருப்பாள். பெயர்ப் பட்டியல் ஒன்று இருத்தல் எத்துணைப் பெரிய ஆறுதல் என்பது, அஃது இல்லாத இடத்தை நோக்கும்போதே நமக்கு முற்றாக விளங்குகிறது.

வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அதிலே அவன் பெயரையும் பெருமையையும் பொறித்தல் தமிழர்க்குப் புதிதன்று. நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியமே படிப்படியாகக் கூறுகிறது. பாதையோரத்திலும் வறண்ட பாலை வழியிலும் நின்ற அக்கற்களை வழிப்போக்கர் நின்று வாசித்தனர். பாடிங்டன் மேடையிலே கைப்பெட்டியுடன் நின்று வாசிப்பவரும் அவ்வழிப்போக்கரின் இனத்தவரே.

நம் வாசகர்களாகிய மாணவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். பழைய வீடுகளின் சுவரிலே, தொப்பியும் நீண்ட காற்சட்டையும் அணிந்து, ஏதோ ஒரு நிலையத்தின் பெயர்ப்பலகைக்கு முன்னே நிற்கும் ஒருவரின் மங்கிய படம் தொங்கக்கூடும். அவர் யார், எந்த ஊரில் வேலை பார்த்தார், என்ன ஆனார் என்பதைப் பாட்டியாரிடம் இன்றைக்கே கேளுங்கள். அவர் சொல்லும் பெயரையும் ஆண்டையும் படத்தின் பின்புறத்தில் மையினால் எழுதிவையுங்கள். டேர்பிச் சின்னத்தின் 2,833 பெயர்களும், யாரோ ஒரு இலிகிதர் மேசையின் முன் அமர்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து எழுதியவையேயாம்.